பாறையை நொறுக்கினால் மண் ஆகாது

வாசுதேவநல்லூரிலிருந்து மேற்கே தலையணைப் பக்கம் போகிறவர்கள் அடிவாரத்தில் கிடக்கும் பெரிய உருண்டைப் பாறைகளைச் சற்று நின்று பார்க்கலாம். கருங்கல்லின் மேல் சாம்பல், வெளிர்பச்சை, எலுமிச்சை மஞ்சள், காவி, கறுப்பு என்று தேமல் படர்ந்த மாதிரி வட்டங்கள் இருக்கும். மழைக்கறை என்றோ, எப்போதோ யாரோ சிந்திய பெயிண்ட் என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை உயிருள்ளவை. பள்ளிப் பாடத்தில் லைக்கன் என்று படித்தது இதைத்தான்.

பெயர் அந்நியமாகத் தோன்றினாலும் நம் அடுக்களையில் ஒரு லைக்கன் இருக்கிறது. செட்டிநாட்டுக் கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் பட்டை, கிராம்போடு சேர்த்துத் தாளிக்கிற கல்பாசிதான் அது. பார்மோட்ரீமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மேல்பக்கம் சாம்பல் நிறம், கீழ்ப்பக்கம் நல்ல கறுப்பு. பாறையிலும் மரப்பட்டையிலும் இலை இலையாகப் படரும். பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் வட்டங்கள் வேறு வகை. அவற்றை நகத்தால் சுரண்டினாலும் வராது. கல்லைப் பெயர்த்தால்தான் அவற்றையும் பெயர்க்க முடியும்.

லைக்கன் தனி ஒரு செடி கிடையாது. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் இதைச் சொன்னபோது, லைக்கன்களையே ஆயுள் முழுக்கப் படித்த பெரியவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். உண்மை அவர் பக்கம் இருந்தது. உடம்பைக் கட்டுவதும், நீரைப் பிடித்து வைப்பதும், கல்லைப் பற்றிக்கொள்வதும் பூஞ்சை. வெயிலிலிருந்து சர்க்கரை தயாரிப்பது பாசி. சில லைக்கன்களில் பச்சைப் பாசிக்குப் பதிலாக நீலப்பச்சைப் பாசி இருக்கும்; இந்த வேறுபாடு மண்ணுக்கு மிக முக்கியம் என்பதால் பின்னால் அதற்கு வருகிறேன். உலகில் சுமார் 20,000 வகை லைக்கன்கள் உள்ளன. இந்தியாவில் இவற்றை முறையாக வகைப்படுத்தும் வேலைக்கு அடித்தளமிட்டவர் லக்னோவைச் சேர்ந்த டி.டி. அவஸ்தி. இந்தியா, நேபாளம் இரண்டிலும் உள்ள பெரிய லைக்கன்களை இனங்காண 1988இல் அவர் வெளியிட்ட வழிகாட்டியை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

இனி பாறைக்கு வருவோம். பாறை உடைந்து பொடியானால் மண் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வாசுதேவநல்லூர் இருக்கும் தென்காசி மாவட்டத்தில் கல்குவாரிகளுக்குக் குறைவில்லை. அங்கே கிரஷரில் இதே கருங்கல்லை நொறுக்கி, சலித்து, கழுவி எம்-சாண்ட் ஆக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த எம்-சாண்டை ஒரு தொட்டியில் நிரப்பிக் கத்தரி விதை போட்டுப் பாருங்கள். முளைக்கும். முளைத்து நாலு இலை விட்டதும் வெளுத்துச் சோர்ந்துவிடும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் ஓடிவிடும். உரம் போட்டாலும் அதோடு சேர்ந்து ஓடிவிடும். பாறையைப் பொடித்தால் கிடைப்பது சிறிய பாறைதான். மண்ணாக வேண்டுமென்றால் கல்லின் தாதுக்கள் வேறு பொருளாக மாற வேண்டும், அதில் உயிரினங்கள் வாழ்ந்து செத்து மட்க வேண்டும். அந்த இரண்டு வேலையையும் வெட்டவெளிப் பாறையில் தொடங்கி வைப்பவற்றில் லைக்கன் முக்கியமானது.

எதை மாற்ற வேண்டும் என்பது கல்லைப் பொறுத்தது. இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் ஆகிய பாறைகளால் ஆனது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கல்கத்தாவோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை அந்த ஊர் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கருங்கல் நம் பல்லாவரம் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறை வகைக்குச் சூட்டினார். இந்தக் கல்லில் படிகக்கல் என்கிற குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்பும் மெக்னீசியமும் கலந்த ஹைபர்ஸ்தீன், சிறிதளவு கறுப்பு அபிரகம் ஆகியவை இருக்கும். பயிருக்கு வேண்டிய பொட்டாசியம், கால்சியம், இரும்பு, கொஞ்சம் பாஸ்பரஸ் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கின்றன. நைட்ரஜன் மட்டும் கல்லில் அனேகமாக இல்லை.

இந்தப் பூட்டை லைக்கன் இரண்டு விதமாகத் திறக்கிறது.

முதலாவது, நெருக்கித் திறப்பது. பூஞ்சையின் இழைகள் சில மைக்ரோமீட்டர் தடிமன்தான், நம் தலைமயிரில் இருபதில் ஒரு பங்கு அளவு. கல்லின் தாதுக்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியாக அவை சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குகின்றன. மழை பெய்யும்போதும் பனி இறங்கும்போதும் லைக்கன் நீரை உறிஞ்சி உப்புகிறது. நீலப்பச்சைப் பாசி கொண்ட கூழ்போன்ற சில வகைகள் உலர்ந்த தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும். பத்து மணி வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே தினமும் இப்படி உப்பிச் சுருங்குவதால், மேல்பரப்பிலுள்ள துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து பெயர்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு லைக்கனின் குறுக்குவெட்டைப் பார்த்தால், அதன் அடிப்பகுதிக்குள்ளேயே கல் துணுக்குகள் சிக்கியிருப்பது தெரியும். குளிர்நாடுகளில் பாறை இடுக்கில் நீர் உறைந்து விரிவதும் சேர்ந்து வேலை செய்யும். நம் மலையில் அது கிடையாது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதுதான் இங்கே விசை.

இரண்டாவது, கரைத்துத் திறப்பது. பூஞ்சை மூச்சு விடும்போது வெளிவரும் கரியமில வாயு நீரில் கலந்து மென்மையான அமிலமாகிறது. அதைவிட வீரியமானது பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம். அது தாதுக்களிலுள்ள கால்சியம், மெக்னீசியம், இரும்பு ஆகியவற்றைப் பிடித்து இழுக்கிறது. கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் ஆக்சலேட் படிகமாகி லைக்கனின் அடியில் படிகிறது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பதும் இதே உப்புதான். ஸ்காட்லாந்தில் அபர்தீனிலிருந்த மக்காலே மண் ஆய்வு நிறுவனத்தில் வில்சன், ஜோன்ஸ் போன்றோர் மெக்னீசியம் நிறைந்த ஒரு பாறையில் வளர்ந்த லைக்கனுக்கு அடியில் மெக்னீசியம் ஆக்சலேட்டைக் கண்டு 1980இல் வெளியிட்டார்கள். பாறையில் என்ன உலோகம் இருக்கிறதோ, அதற்கேற்ற உப்பு அந்த லைக்கனின் அடியில் கிடைக்கிறது என்பதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. இவை தவிர லைக்கன்களுக்கே உரிய சேர்மங்கள் பல உள்ளன. நீரில் அவ்வளவாகக் கரையாதவை என்றாலும், உலோக அணுவைக் கவ்விப் பிடிக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு.

ஹைபர்ஸ்தீனும் அபிரகமும் முதலில் இளகும். அவற்றிலிருந்து வெளியேறிய இரும்பு காற்றுப் பட்டு துருவாகிச் சிவக்கும். ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண் தாதுவாக மாறும். குவார்ட்ஸ் அசையாது, அது மணலாக உதிர்ந்து ஓடையில் சேரும். செவக்காட்டு மண்ணைக் கையில் எடுத்து நீரில் கரைத்துப் பாருங்கள். சிவப்பு, களி, அடியில் தங்கும் மணல் என்று மூன்றும் பிரிந்து தெரியும். கல்லிலிருந்து மண்ணாகிய வரலாறு அந்தத் தம்ளரில் இருக்கிறது. களிமண்தான் நீரையும் பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளையும் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கிறது. எம்-சாண்டில் இல்லாமல் போனது அதுதான்.

மீதம் இருப்பது நைட்ரஜன். இங்கேதான் நீலப்பச்சைப் பாசி வருகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உயிர்கள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்ற அதனால் முடியும். பச்சைப் பாசியால் முடியாது. நீலப்பச்சைப் பாசி சேர்ந்த லைக்கன் செத்து மட்கும்போது, கல்லில் அனேகமாக இல்லாத சத்து முதல்முறையாக அந்த இடத்தில் சேர்கிறது. வெப்பமண்டல நாடுகளின் மொட்டைப் பாறைகளில் பெல்டுலா என்ற இப்படிப்பட்ட சிறு லைக்கன் பரவலாக உண்டு. பழுப்பும் ஒலிவப் பச்சையுமாகச் செதில் செதிலாக இருக்கும். பாறைமேல் நைட்ரஜன் எவ்வளவு அரிது என்பதற்கு இன்னொரு அத்தாட்சியும் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாறைகளின் ஈரப்படுகையில் ஊதாப் பூ பூக்கும் யூட்ரிகுலேரியா என்ற சின்னஞ்சிறு செடிகள் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கின்றன. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அவை இப்படி ஈடுகட்டிக்கொள்கின்றன.

லைக்கன் தன் சொரசொரப்பான உடம்பில் காற்றில் வரும் தூசியையும் பிடிக்கிறது. செத்த லைக்கன், உதிர்ந்த துணுக்கு, வந்த தூசி மூன்றும் பாறையின் சிறு குழிகளில் தங்கினால் பாசிச்செடிகள் வருகின்றன. அதன்மேல் பெரணி, புல், கோரை. மயில்தோகை விரித்தது போன்ற மயில்சிகைப் பெரணி பாறை இடுக்கில் ஒரு சிமிட்டா மண் கிடைத்தாலும் நின்றுகொள்ளும். பறவை எச்சத்தில் விழுந்த கல்லரசு விதை முளைத்து வேரை விரிசலுக்குள் செலுத்தும்போது, வேலையின் வேகமே மாறிவிடுகிறது. மரவேர் பாறையைப் பிளக்கும் பலத்துக்கு லைக்கன் இழை ஈடாகாது. ஆனால் மரத்துக்கு ஊன்ற ஒரு பிடி மண் முதலில் வேண்டுமே.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம்? லைக்கன் தன் வாழ்நாளில் பெரும்பகுதி உலர்ந்து உறங்கிக்கிடக்கும். நனைந்தால் விழிக்கும். பச்சைப் பாசி கொண்டவை காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டே விழித்துக்கொள்ளும். நீலப்பச்சைப் பாசி கொண்டவற்றுக்குச் சொட்டுநீராவது வேண்டும். ஜெர்மானிய ஆய்வாளர் ஓட்டோ லாங்கே குழுவினர் 1980களில் இதை நிறுவினார்கள். நம் பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒன்று புரியும். குற்றாலத்துக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலோடு வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே பாறை காய்வதில்லை. அதற்கு வடக்கே மலை மறைவிலுள்ள வாசுதேவநல்லூருக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அடிவாரப் பாறையில் ஒட்டிய லைக்கனுக்கு மற்ற மாதங்களில் விடியற்காலைப் பனி கிடைத்தால் ஓரிரு மணி நேர வேலை, பிறகு வெயிலில் உறக்கம். அதனால் அங்கே தட்டையாக ஒட்டும் வகைகளே அதிகம். மலையேற ஏற, ஈரம் கூடக் கூட, இலைபோல் விரிந்தவையும் கிளைத்துத் தொங்குபவையும் கண்ணில் படும். அடிவாரத்தின் காவி, மஞ்சள் நிறங்களும் வெயிலோடு தொடர்புடையவை. பாசியைக் கடும் ஒளியிலிருந்து காக்கப் பூஞ்சை மேல்தோலில் சேர்த்து வைக்கும் சாயங்கள் அவை.

பாறையோடு ஒட்டிய சில வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. கழுகுமலை வெட்டுவான்கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் குடைந்த முகங்கள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. வறண்ட சமவெளியில் 1,200 ஆண்டுகள் ஒரு பாறையை அவ்வளவுதான் மாற்றியிருக்கின்றன.

லைக்கனைப் பற்றி ஆர்வத்தில் மிகைப்படுத்திச் சொல்லப்படுபவையும் உண்டு. பூமியில் முதலில் நிலத்துக்கு வந்து மண்ணை உண்டாக்கியது லைக்கன்தான் என்று பல பாடநூல்கள் எழுதின. சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் மேத்யூ நெல்சன் குழு 2019இல் மரபணு ஆதாரத்தைக் கொண்டு, வேரும் நாளமும் கொண்ட தாவரங்களுக்கு முன்பே லைக்கன்கள் தோன்றியதற்குச் சான்றில்லை என்று காட்டியது. இன்றைய புதுப்பாறையிலும் அது எப்போதும் முதல் ஆளாக வருவதில்லை. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் கடலுக்கடியில் எரிமலை வெடித்து எழுந்த சர்ட்சி தீவில், கரையோரப் பூச்செடி ஒன்று 1965இலும், பாசிச்செடி 1967இலும் வந்துவிட்டன. லைக்கன் 1970இல்தான் காணப்பட்டது. நம் மலைகளில் நீர் வழியும் பாறைமுகங்களில் நெடுக்காகத் தெரியும் கறுப்புக் கோடுகள்கூடப் பெரும்பாலும் லைக்கன் இல்லாமல் தனித்து வாழும் நீலப்பச்சைப் பாசிகள்தான்.

ஹவாய் எரிமலைக் குழம்புப் பாறைகளில் நடந்த விவாதம் இன்னும் சுவையானது. ஜாக்சன், கெல்லர் இருவரும் 1970இல், ஸ்டீரியோகாலன் என்ற லைக்கன் மூடிய பாறையில் சிதைந்த படலம் மிகத் தடிமனாக இருப்பதையும், மூடாத பாறையில் மிக மெல்லியதாக இருப்பதையும் காட்டினார்கள். லைக்கன் பாறையைக் கரைக்கிறது என்பதற்குப் பல ஆண்டுகள் இதுவே எடுத்துக்காட்டு. 1996இல் காக்ரன், பெர்னர் இருவரும் அதே தீவில் ஆராய்ந்துவிட்டு, அந்தப் படலத்தில் பெரும்பகுதி லைக்கன் பிடித்து வைத்த காற்றுத்தூசி என்றார்கள். சில பாறைகளில் லைக்கன் மழைத்துளியின் அடியையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு கல்லைக் காப்பாற்றுவதாகவும் ஆய்வுகள் உண்டு. என் பார்வையில் இவை ஒன்றையொன்று அடித்து விழுத்தவில்லை. கரைப்பதும் தூசி பிடிப்பதும் மூடிக் காப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. எந்தக் கல், எந்த லைக்கன், எவ்வளவு மழை என்பதைப் பொறுத்து ஒன்று மேலோங்குகிறது. தூசியைப் பிடித்து நிறுத்துவதும் மண் சேர்க்கும் வேலைதானே.

அதே போல, நம் வயலிலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் உள்ள மண் முழுவதும் லைக்கன் கரைத்தது என்று எண்ண வேண்டாம். மண்ணில் பெரும்பங்கு நிலத்துக்கடியில், ஈரமும் வேரும் நுண்ணுயிர்களும் பாறையை அரித்து உருவாவது. மலையிலிருந்து ஓடைகள் கொண்டுவந்து கொட்டியதும் அதில் சேரும். லைக்கனின் இடம், மண்ணே இல்லாத மொட்டைப் பாறை. அங்கே அது இல்லையென்றால் அடுத்தவர்கள் வரவும் தங்கவும் மிகத் தாமதமாகும். கோடையில் மலையில் தீப்பிடிக்கும்போது எரிவது புல்லும் மரமும் மட்டும் என்று நினைக்கிறோம். பாறைமேல் இருந்த லைக்கன் கருகிப்போகும், சூட்டில் கல்லின் மேல்தோல் உரிந்துவிடும். புல் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். லைக்கன் வட்டம் பழைய அளவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். காட்டுத் தீயின் சேதக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

கோயில் கல்லின் கதை வேறு. அங்கே மண் உருவாக வேண்டாம். கல்வெட்டு நிற்க வேண்டும். ஆக, கோயில் சுவரில் படர்ந்த லைக்கனை அகற்றுவது நியாயமே. எப்படி அகற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான சலவைக் கரைசலும் கொண்டு, முடித்தூரிகையால் பொறுமையாகத் தேய்த்து எடுப்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பேரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்கள். கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போய்ப் பெரும் கண்டனம் எழுந்தது. லைக்கன் நூற்றாண்டுகளில் செய்திருக்கும் சேதத்தை அந்த மணல் ஒரு காலையில் செய்துவிட்டது. கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் அதே வகைதான். இழைகள் கல்லுக்குள் இறங்கியிருக்கும்போது மேலே பிய்த்து இழுத்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும்.

லைக்கனைப் பார்க்க விரும்புகிறவர்கள் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் போதும். உலர்ந்த சாம்பல் வட்டத்தில் கொஞ்சம் நீர் தெளித்தால், சிறிது நேரத்தில் மேல்தோல் கண்ணாடித்தன்மை பெற்று அடியிலுள்ள பாசியின் பச்சை தெரியும். மழைக்கறையாக இருந்தால் பச்சை வராது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் மட்டும் பாருங்கள். பெயர்த்து எடுக்க வேண்டாம்.

வளரும் வேகத்தை நாமே அளக்க ஒரு வழி உண்டு. ஆஸ்திரியரான ரோலண்ட் பெஷல் 1950இல் ஆல்ப்ஸ் மலையில் லைக்கன் வட்டங்களின் அளவைக் கொண்டு பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கற்களின் வயதைக் கணித்தார். அதைத் திருப்பிப் போட்டால் போதும். ஆண்டு பொறித்த பழைய கல்லைத் தேடுங்கள். தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக் கற்கள், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதித்த கற்கள், கிணற்று மேட்டில் வெட்டிய ஆண்டு என்று ஊருக்கு ஒன்றாவது இருக்கும். வெள்ளையடித்தவற்றை விட்டுவிடுங்கள். அதிலுள்ள வட்டங்களில் மிகப் பெரியதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, கல்லுக்கு ஆன ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வரும். கல் நட்ட அன்றே லைக்கன் வந்து குடியேறியிருக்காது, சில ஆண்டுகள் கழிந்தே வந்திருக்கும். ஆகவே உண்மையான வேகம் உங்களுக்குக் கிடைத்த எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதே வட்டத்தை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அடுத்த ஆண்டு அதே மாதம் அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். ஈரமாக இருக்கும்போது வட்டம் சற்று விரிந்து காட்டும் என்பதால் இரண்டு முறையும் காய்ந்த நிலையில் எடுக்க வேண்டும்.